தமகோச்சியும் பதினைந்து நிமிடமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1996 நவம்பர் 23 அன்று ஜப்பானில் பண்டாய் நிறுவனம் முட்டை வடிவில் ஒரு கீ செயின் பொம்மையைக் கடைகளுக்கு அனுப்பியது. விலை 1,980 யென். மூன்று பட்டன், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு திரை, அதற்குள் ஒரு குட்டி. பெயர் தமகோச்சி. இரண்டரை வருடத்துக்குள் ஜப்பானில் ஏறக்குறைய 2 கோடி, வெளிநாடுகளில் ஏறக்குறைய 2 கோடி என்று விற்பனை 4 கோடியைத் தொட்டது. ஆனால் 1999 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதே பண்டாய் நஷ்டக் கணக்கு காட்டியது. கிடங்கில் விற்காமல் தேங்கிப்போன தமகோச்சிகள் அதற்கு ஒரு பெரிய காரணம்.

மோகம் வந்தது, போனது என்று சொல்லிவிட்டு இதைக் கடந்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அந்த வருடங்களில் வந்த எத்தனையோ பொம்மைகளை இன்று யாரும் தேடுவதில்லை. தமகோச்சியை மட்டும் இன்னும் புதிது புதிதாகச் செய்கிறார்கள், பழையதைத் திருகாணி கழற்றிப் பழுது பார்த்து வளர்க்கிறார்கள். இதற்குக் காரணமாக நான் பார்ப்பது அந்தப் பொம்மைக்குள் இருக்கும் ஒரே ஒரு விதி: அது நமக்காகக் காத்திருக்காது. விற்பனை ஏறியது, பள்ளிகளில் தடை வந்தது, கடைசியில் கிடங்கு நிறைந்தது, எல்லாமே அந்த விதியோடு சம்பந்தப்பட்டவை. வளர்க்கும் முறையும் அதிலிருந்துதான் வருகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

யார் செய்தது, எதை வைத்துச் செய்தது

யோசனை அகிஹிரோ யோகோய் என்பவருடையது. முன்பு பண்டாயில் வேலை பார்த்தவர், பிறகு விஸ் என்ற சொந்த நிறுவனம் நடத்தினார். கையோடு எங்கேயும் கொண்டுபோகக்கூடிய செல்லப்பிராணி, அதுவும் கைக்கடிகாரமாக இருக்க வேண்டும் என்றுதான் ஆரம்பத்தில் யோசித்தார்கள். அது கீ செயினாக மாறியது. பண்டாய் பக்கம் இதைக் கையில் எடுத்தவர் அகி மைதா. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பள்ளி மாணவிகளிடம் மாதிரிகளைக் காட்டி, எந்த வடிவம் பிடிக்கிறது, எந்த உருவம் பிடிக்கிறது என்று கேட்டு வடிவமைப்பை முடிவு செய்தார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவிகளும் இளம்பெண்களும்தான் முதல் குறி. 1997-ல் இவர்கள் இருவருக்கும் பொருளாதாரத்துக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. பல லட்சம் மனித மணி நேர உழைப்பை இல்லாத பிராணி வளர்ப்புக்குத் திருப்பிவிட்டதற்காக. வேடிக்கைப் பரிசுதான், ஆனாலும் இந்தப் பொம்மையின் அடிப்படை பரிசு கொடுத்தவர்களுக்குச் சரியாகப் புரிந்திருக்கிறது. தமகோச்சி நம்மிடமிருந்து வாங்குவது நேரம்தான்.

உள்ளே இருக்கும் சிப் எப்சன் நிறுவனத்தின் 4-பிட் வகை. வேலை செய்ய அதற்குக் கிடைக்கும் நினைவகம் 320 பைட். இந்தப் பத்தியைச் சேமிக்கக்கூட அது போதாது. திரையில் படுக்கையாக 32, செங்குத்தாக 16, ஆக மொத்தம் 512 புள்ளிகள். நேரம் காட்டும் துடிப்பு, குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களில் இருக்கும் அதே 32,768 ஹெர்ட்ஸ் படிகத்திலிருந்து வருகிறது. அதாவது கடிகாரமாகச் செய்யும் யோசனையைக் கைவிட்டாலும் கடிகாரம் உள்ளேயே தங்கிவிட்டது. குட்டியின் பசி, தூக்கம், வயது, சாவு எல்லாம் அந்தக் கடிகாரத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. வீடியோ கேம் என்றால் நாம் விட்ட இடத்தில் நிற்கும். இதில் நாம் பார்க்காத நேரத்திலும் மணி ஓடுகிறது.

முட்டையிலிருந்து முதல் இரவு வரை

முதல் தலைமுறைப் பொம்மையும், 2018-க்குப் பிறகு அதே வடிவில் வந்த மறுவெளியீடும் நடந்துகொள்ளும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். என் மேஜையில் இருப்பது மறுவெளியீடு. அதை வைத்தே சொல்கிறேன்.

பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை உருவியதும் திரையில் முட்டை துடிக்கும். நேரத்தைச் சரியாக வைக்கச் சொல்லும். வைத்து ஐந்து நிமிடத்தில் முட்டை உடைந்து பேபிச்சி வரும். கருப்பாக, உருண்டையாக, இரண்டு கண்ணும் ஒரு வாயும் மட்டும். பிறந்ததும் இரண்டு இதய வரிசையும் காலி: ஒன்று பசிக்கு, இன்னொன்று சந்தோஷத்துக்கு, ஒவ்வொன்றிலும் நான்கு இதயம். உடனே பீப் ஒலி, திரையின் மூலையில் கவனி என்று சொல்லும் அடையாளம் கருப்பாகும்.

இடது பட்டன் தேர்வு செய்ய, நடு பட்டன் சரி என்று சொல்ல, வலது பட்டன் திரும்பிப் போக. சாப்பாடு கொடுத்தால் ஒரு பசி இதயம் நிறையும், எடை ஒன்று கூடும். நொறுக்குத் தீனி கொடுத்தால் ஒரு சந்தோஷ இதயம் நிறையும், எடை இரண்டு கூடும். விளையாட்டு என்பது குட்டி இடது பக்கம் திரும்புமா வலது பக்கம் திரும்புமா என்று ஊகிப்பது. ஐந்து முறையில் மூன்று முறை சரியாகச் சொன்னால் ஒரு சந்தோஷ இதயம். வென்றாலும் தோற்றாலும் எடை ஒன்று குறையும். ஆகவே மிட்டாய் கொடுத்துச் சிரிக்க வைப்பது சுலபமான வழி, விளையாடிச் சிரிக்க வைப்பது நல்ல வழி. எடை ஏறிக்கொண்டே போனால் நோய் வர வாய்ப்பு கூடும். இந்த நான்கு வரி விதியிலேயே பிள்ளை வளர்ப்பின் ஒரு பழைய சண்டை இருக்கிறது, அழும் பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கலாமா கூடாதா என்று. அதை ஒரு கைப்பொம்மையில் எடை கணக்காக மாற்றியது எனக்கு ரொம்பவும் பிடித்த வேலைப்பாடு.

முதல் ஒரு மணி நேரம் பேபிச்சியை விட்டு நகர முடியாது. இதயங்கள் சீக்கிரம் சீக்கிரம் காலியாகும், கக்கா போகும், நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போடும். தூங்கும்போது விளக்கை அணைக்க வேண்டும், அதுவும் நம் வேலை. இந்த ஒரு மணி நேரத்தை வாடிக்கையாளருக்கு நடத்தும் பாடம் என்றே நினைக்கிறேன். திரையின் ஓரங்களில் இருக்கும் அடையாளங்களில் பெரும்பாலானவற்றைத் தொட வைத்துவிடுகிறது, கையேட்டைத் திறக்காமலேயே எல்லாம் கைக்கு வந்துவிடும். அந்த ஒரு மணி முடியும்போது குட்டி உருமாறி மருச்சி ஆகும். அதன்பிறகு மூச்சு விடலாம். இதயம் காலியாவது மெதுவாகும்.

மருச்சி இரவு 8 மணிக்குத் தூங்கிக் காலை 9 மணிக்கு எழும். நிஜத்தில் ஒரு நாள் என்றால் அதற்கு ஒரு வயது. சுமார் மூன்றாம் வயதில் இளம்பருவம். ஆறேழு வயதில் பெரியதாகும். இளம்பருவத்தில் இரண்டு உருவம், பெரியதானால் ஆறு உருவம், அதற்கு மேல் ஒரு ரகசிய உருவம். எது வரும் என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம், ஆனால் எங்கே தீர்மானித்தோம் என்பது திரையில் எங்குமே தெரியாது.

திரையில் காட்டாத கணக்கு

இந்த நிகழ்வின் மையம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

திரையில் காட்டுவது இதயம், வயது, எடை, ஒழுங்கு மீட்டர். ஆனால் குட்டி என்னவாக வளரும் என்பதற்கு இவற்றைவிட முக்கியமான ஒரு எண் உள்ளே எழுதப்படுகிறது. இதயம் முழுக்கக் காலியானால் குட்டி கூப்பிடும். கூப்பிட்டு 15 நிமிடத்துக்குள் போகாவிட்டால் ஒரு தவறு பதிவாகும். தூங்கிய பிறகு விளக்கை அணைக்காமல் விட்டாலும் அப்படியே. பிறகு போய் வயிறு நிறைய ஊட்டினாலும், விளையாடி எட்டு இதயத்தையும் நிரப்பினாலும் அந்தத் தவறு அழியாது. பார்வைக்குக் குட்டி நன்றாகவே இருக்கும். மூன்று நாள் கழித்து உருமாறும்போதுதான் கணக்கு வெளியே வரும்.

தவறு குறைவாக, ஒழுங்கு மீட்டர் நிறைய வைத்திருந்தால் மமெச்சி கிடைக்கும். எல்லோரும் ஆசைப்படுவது அதைத்தான். ஆயுளும் அதற்கு அதிகம். கவனிப்பு மோசமாக இருந்தால் தரகோச்சி மாதிரி ஒன்று வரும், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் செத்தும் போகும். இடையில் வரும் குச்சிபச்சி பச்சைநிறச் சோம்பேறியாகப் பின்னாளில் படங்களில் புகழ்பெற்றது. முதல் பொம்மையின் கருப்பு வெள்ளைத் திரையில் அதை வாய்வடிவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். ஆறு உருவங்களில் இன்னொன்றான மஸ்குச்சியைச் சில நிபந்தனைகளோடு வளர்த்தால் ரகசிய உருவமான ஓயாஜிச்சி வரும், ஒரு நடுவயது ஆள்.

ஒழுங்கு மீட்டர் தனி விஷயம். சில சமயம் இதயம் நிறைந்திருக்கும்போதே குட்டி கூப்பிடும். போய்ப் பார்த்தால் சாப்பாடு வேண்டாம், விளையாட்டு வேண்டாம் என்று தலையைத் திருப்பும். அது பிடிவாதம். அப்போது கண்டிக்க வேண்டும். ஒரு தடவை சரியான நேரத்தில் கண்டித்தால் மீட்டர் கால் பங்கு ஏறும். நிஜமான பசிக்கும் பிடிவாதத்துக்கும் ஒரே ஒலி என்பதால், கூப்பிட்டதும் கைபோன போக்கில் ஊட்டாமல் முதலில் இதயத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். புதிதாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பசியால் அழுததைக் கண்டித்துவிடுவார்கள், பிடிவாதத்துக்கு மிட்டாய் கொடுத்துவிடுவார்கள்.

கக்காவுக்கு அது கூப்பிடாது. நாமே அவ்வப்போது திரையைப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், அப்படியே விட்டால் நோய் வரும். நோய் வந்தால் பக்கத்தில் மண்டையோடு தெரியும். ஊசி போட வேண்டும், சில தடவை ஒரு ஊசி போதாது, இரண்டாவதும் போட்டால்தான் மண்டையோடு மறையும். ஒரு ஊசியைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று பையில் வைத்துவிடக் கூடாது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நல்ல வளர்ப்புக்கு ஒரே வழிதான் மிஞ்சுகிறது. கூப்பிடும் முன்பே போவது. இதயம் ஒன்றோ இரண்டோ குறைந்ததும் நிரப்பிவிட்டால் பசிக்காக அது கூப்பிடும் சந்தர்ப்பமே வராது, பதினைந்து நிமிடக் கடிகாரம் ஓட ஆரம்பிக்காது. அப்படி வளர்க்கும்போது இன்னொரு வசதியும் உண்டு: கூப்பிட்டாலே அது பிடிவாதம்தான் என்று தெரிந்துவிடும், யோசிக்காமல் கண்டிக்கலாம். மணிக்கு ஒரு தடவை அரை நிமிடம் பார்த்தால் போதும். மமெச்சிக்கு அதற்குமேல் மந்திரம் எதுவும் கிடையாது.

பள்ளிக்கூடத்துக்குப் போன முட்டை

மருச்சியின் தூக்க நேரத்தை மறுபடி பாருங்கள். இரவு 8 முதல் காலை 9 வரை. பள்ளியில் முதல் பாடம் நடக்கும் நேரத்தில் அது கண் விழிக்கிறது. பிள்ளைகள் வீடு திரும்பி, வீட்டுப்பாடம் முடித்து, ஓய்ந்து உட்காரும்போது அது தூங்கப் போகிறது. அது விழித்திருக்கும் பதினோரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் வகுப்பறையில் கழிகிறது. மேல்நிலை மாணவிகளையும் வேலைக்குப் போகும் பெண்களையும் மனதில் வைத்து வடிவமைத்த பொம்மை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் கைக்குப் போனபோது, இந்த அட்டவணை நேராகப் பள்ளி மணியோடு மோதியது.

அமெரிக்காவில் 1997 மே 1 அன்று விற்பனைக்கு வந்தது. நியூயார்க்கின் எஃப்ஏஓ ஷ்வார்ஸ் பொம்மைக் கடையில் வந்த சரக்கு சில நாளில் தீர்ந்தது. சில மாதங்களிலேயே பல நாட்டுப் பள்ளிகள் தமகோச்சியை வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது என்று அறிவித்தன. ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பது பிள்ளைகள், முப்பது முட்டைகள், ஒவ்வொன்றும் தன் நேரத்துக்குக் கூவும் என்றால் யாரால் பாடம் நடத்த முடியும்? பிள்ளைகள் பக்கமும் நியாயம் இருந்தது. வீட்டில் விட்டுவிட்டு வந்தால் மாலைக்குள் செத்திருக்கும். அதனால் அம்மாக்களும் அப்பாக்களும் அலுவலகப் பையில் பிள்ளையின் முட்டையைப் போட்டுக்கொண்டு போனார்கள், மதிய இடைவேளையில் சோறு ஊட்டினார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பொம்மையின் கடிகாரத்தைத் தள்ளி வைத்தால், பள்ளி நேரம் அதற்கு இரவாகிவிடும். இன்னொன்று, நேரத்தைக் காட்டும் திரையிலிருந்து இரண்டு ஓரப் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் நேரம் மாற்றும் பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்திலேயே விட்டுவைத்தால் மணி ஓடாது, பசியும் ஓடாது. நிறுத்தும் வசதியைப் பண்டாய் கொடுக்கவில்லை, பயன்படுத்தியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சாதாரணத் திரையில் அதே இரண்டு பட்டனை அழுத்தினால் ஒலி மட்டும் அணையும். ஒலியை அணைத்தால் வகுப்பில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள், ஆனால் கூப்பிடுவது காதில் விழாமல் தவறுகள் ஏறும்.

செத்தால் என்ன ஆகும்? ஜப்பானியப் பதிப்பில் கல்லறையும் பக்கத்தில் ஒரு ஆவியும். ஆங்கிலப் பதிப்பில் அதை மாற்றி இறக்கை முளைத்த தேவதையாக்கினார்கள். அப்படி மென்மையாக்கியும் அழாத பிள்ளைகள் குறைவு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செல்லப்பிராணிகளுக்கான கல்லறைத் தோட்டம் ஒன்றில் தமகோச்சிகளைப் புதைக்கத் தனியாக ஒரு பகுதியே ஒதுக்கினார்கள். 1998-ல் பிரான்சின் மார்சேய் அருகே கார் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், சாவிக்கொத்தில் தொங்கிய தமகோச்சி கூப்பிட்டதில் கவனம் சிதறி, சைக்கிளில் போனவரை மோதிக் கொன்றுவிட்ட சம்பவம் செய்தியானது. கைபேசியைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டும் ஆபத்தை நாம் இன்று தினமும் பேசுகிறோம். கையடக்கக் கருவி கூப்பிட்டால் சாலையைவிட்டுக் கண் திரும்பும் என்பதற்கு அன்றே ஒரு உயிர் விலையாகப் போயிருக்கிறது.

பிள்ளைகளும் இயந்திரங்களும் பற்றிப் பல வருடம் ஆராய்ந்த எம்ஐடி பேராசிரியர் ஷெர்ரி டர்க்கல் இந்தப் பொம்மைகளைக் கூர்ந்து பார்த்தவர். நாம் எதைப் பராமரிக்கிறோமோ அதோடு ஒட்டிக்கொள்கிறோம், அது திரும்ப அன்பு காட்டுகிறதா என்பது இரண்டாம்பட்சம் என்பது அவர் கருத்து. 512 புள்ளியில் முகபாவம் காட்ட இடமே இல்லை. பிள்ளைகள் ஒட்டிக்கொண்டது அதன் அழகில் மயங்கி என்று என்னால் நம்ப முடியவில்லை. அது தேவை என்று கூப்பிட்டது, இவர்கள் போனார்கள். போகப் போகப் பாசம் வந்தது.

கிடங்கு நிறைந்த கதை

1997 முழுக்கப் பண்டாயின் பிரச்சினை தட்டுப்பாடுதான். ஜப்பானில் கடை திறக்கும் முன்பே வரிசை. வெள்ளை நிறத் தமகோச்சி கிடைப்பது குதிரைக்கொம்பாகி, கடை விலையைப்போலப் பல மடங்குக்குக் கைமாறியது. அந்த வருடம் ஜனவரியில் வீடியோ கேம் நிறுவனமான சேகாவும் பண்டாயும் இணையப்போவதாக அறிவித்திருந்தார்கள். மே மாதம் அது கைவிடப்பட்டது. தனியாகவே நிற்க முடியும் என்ற தெம்பைப் பண்டாய்க்குக் கொடுத்தவற்றில் தமகோச்சியும் ஒன்று.

வரிசையைப் பார்த்து உற்பத்தியைப் பெருக்கினார்கள். இரண்டாம் பதிப்பு பிப்ரவரியிலேயே வந்தது, அதில் இடது வலது ஊகத்துக்குப் பதிலாக எண் பெரியதா சிறியதா என்ற விளையாட்டு. பிறகு செத்த குட்டியைத் தேவதையாக வளர்க்கும் பதிப்பு, கடல் பதிப்பு, காட்டுப் பூச்சிப் பதிப்பு. ஜூன் மாதம் பையன்களுக்காக டிஜிமான் கருவி, இரண்டு கருவிகளை முட்டவைத்துச் சண்டை போடலாம். மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. டைகர் நிறுவனம் கிகா பெட், பிளேமேட்ஸ் நானோ பெட் என்று இறக்கின. போலிகள் கணக்கில்லாமல் வந்தன. 1998-ல் தேவை சரிந்தபோது தொழிற்சாலைகள் தட்டுப்பாட்டு நாட்களின் வேகத்தில் ஓடியிருந்தன.

போலிகளும் போட்டியாளர்களும் காரணம்தான். ஆனால் அதற்கும் அடியில் பொம்மையின் விதியே வேலை செய்தது என்பது என் கணிப்பு. மணிக்கு ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டிய ஒன்றை எத்தனை வாரம் பார்ப்பீர்கள்? குட்டி செத்ததும் கையில் ஒரு முட்டை மட்டும் இருக்கும். இரண்டு பட்டனை அழுத்தினால் மறுபடி அதே பேபிச்சி, அதே முதல் மணி நேரம். முந்தைய குட்டியின் சுவடு எதுவும் கிடையாது. அந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் அதை மேஜை டிராயரில் போட்டார்கள். பாசத்தை உண்டாக்கிய அதே கண்டிப்பு, விட்டுவிட்டுப் போகவும் ஒரு நியாயமான தருணத்தைக் கொடுத்தது.

2004-ல் பண்டாய் இதைத் திரும்பக் கொண்டுவந்தபோது செய்த மாற்றம் நான் சொல்வதற்கு ஆதரவாகவே இருக்கிறது. வெளிநாடுகளில் கனெக்‌ஷன் என்று விற்ற அந்த வரிசையில் அகச்சிவப்பு ஒளி வழியாக இரண்டு முட்டைகள் பேசிக்கொள்ளும். நண்பர்கள் உண்டு, கல்யாணம் உண்டு, குழந்தை உண்டு. வளர்ந்த குட்டி தன் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும், தலைமுறை எண் ஒன்று கூடும். சாவுக்குப் பதிலாக வம்சம். டிராயருக்குப் போகும் வழியை அங்கே அடைத்தார்கள். 2021-ல் கேமராவோடு வந்த பிக்ஸ், 2023-ல் வைஃபையோடு வந்த யூனி ஆகியவற்றில், நமக்கு நேரமில்லாதபோது குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் வசதியும் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது. ஆனாலும் முதல் தலைமுறையின் கண்டிப்பை ஒரு முறையாவது அனுபவித்துப் பார்க்க வேண்டும் என்று யாரிடமும் சொல்வேன். பத்துப் பதினைந்து நாள் போதும், பிடிக்காவிட்டால் யூனிக்குப் போய்க்கொள்ளலாம்.

பொம்மையின் உடம்பு

குட்டியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு முட்டையைப் பற்றிப் பேசாமல் விடக் கூடாது. 1996–97 தமகோச்சிகளுக்கு இப்போது முப்பது வயதை நெருங்குகிறது. கைக்கு வருபவற்றில் பாதிக்கும் மேல் ஒரே காரணத்தால் கெட்டிருக்கும்: உள்ளேயே மறந்துவிட்ட பேட்டரி.

முதல் தலைமுறை வகைக்கு எல்ஆர்44 பட்டன் செல் இரண்டு. கனெக்‌ஷன் வரிசையின் பல பதிப்புகளில் சிஆர்2032, பிக்ஸில் ட்ரிபிள் ஏ, யூனியில் சார்ஜ் செய்யும் பேட்டரி. எல்ஆர்44-க்குப் பதிலாக அதே அளவுள்ள எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு செல் போட்டால் விலை கூடுதல், ஆனால் மின்னழுத்தம் கடைசிவரை சீராக நிற்கும், கசிவதும் குறைவு. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். புதியதும் பழையதும் கலக்கக் கூடாது. முதல் தலைமுறையில் செல்லை எடுத்த மாத்திரத்தில் நினைவகம் அழிந்துவிடும், குட்டி போய்விடும். திரை மங்கினாலோ பீப் ஒலி தேய்ந்தாலோ, அந்தக் குட்டியின் காலம் முடியட்டும் என்று காத்திருந்து, அடுத்த முட்டைக்கு முன் மாற்றுவதுதான் ஒரே வழி. புதிய பேட்டரியோடு புதிய முட்டையைத் தொடங்குவதை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

வளர்க்காமல் எடுத்து வைப்பதாக இருந்தால் செல்லைக் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். கசிந்த செல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துத் தகட்டை அரிக்கும். அது காரத்தன்மை உள்ளது, அமிலத்துக்கு எதிரானது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொட்டுத் தொட்டுத் துடைத்தால் நுரைத்து அடங்கும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு தடவை துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது செல் போடலாம். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம்.

பின்மூடியின் திருகாணி பிளாஸ்டிக்கில்தான் இறங்குகிறது. மூடும்போது நேராக முறுக்காமல், முதலில் கழற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் க்ளிக் என்று இறங்கும். பழைய மறை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து முறுக்கினால் மறை தேயாது. அடிக்கடி திறந்து மூடும் பொம்மைக்கு இந்த ஒரு பழக்கமே பத்து வருடம் ஆயுள் கூட்டும்.

திரையில் சில வரிசைகள் மட்டும் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திரைக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் இணைப்புப் பட்டையில் அழுக்கு. கழற்றி ஆல்கஹால் தொட்டுத் துடைத்துத் திரும்பப் பொருத்தினால் பல தடவை சரியாகிவிடும். ஆனால் மை கொட்டியது மாதிரி கருப்புப் படலம் பரவியிருந்தால் திரைக் கண்ணாடி உடைந்து திரவம் கசிந்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை, வேறு திரைதான். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்தால் திரை முழுக்கக் கருக்கும். சீக்கிரம் எடுத்துவிட்டால் ஆறியதும் திரும்பும், திரும்பத் திரும்ப நடந்தால் திரும்பாது. பட்டன் அழுத்தம் ஏற்காவிட்டால் ரப்பரின் அடியில் இருக்கும் கரி பூசிய முனையை லேசாகத் துடைத்தால் போதும். தேய்த்தால் கரி உதிர்ந்துவிடும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒன்றைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் செல் தொண்டையில் சிக்கினால், குறிப்பாக சிஆர்2032 மாதிரி லித்தியம் நாணய செல், இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை எரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பின்மூடித் திருகாணி இல்லாத பொம்மையைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. பழைய செல்லையும் மேஜையில் விடாமல் அன்றே அப்புறப்படுத்த வேண்டும்.

கடைசியாக, வாங்குவது பற்றி. இந்திய இணையக் கடைகளில் தமகோச்சி என்று தேடினால் அட்டையில் 168 பிராணிகள் என்று போட்ட மலிவு முட்டைகள்தான் முதலில் வரும். ஊட்டலாம், விளையாடலாம், தூங்க வைக்கலாம். பிள்ளைக்குப் பழக்கிக் காட்ட மோசமில்லை, திருகாணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கவனிப்புக்குத் தக்கபடி வேறு வேறு உருவமாக வளரும் அமைப்பு அவற்றில் பொதுவாக இருக்காது. அது வேண்டும் என்றால் அட்டையில் பண்டாய் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய முட்டையை வாங்குவதானால், விலை பேசும் முன் பேட்டரி மூடியைத் திறந்து படம் அனுப்பச் சொல்லுங்கள், திரை ஓடுவதையும் மூன்று பட்டனும் வேலை செய்வதையும் வீடியோவில் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு விடுமுறை நாள் ஒன்றின் காலையில், மணி பத்தைத் தாண்டிய பிறகு முட்டையைத் தொடங்கினால், அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் வீட்டில் இருப்பீர்கள்.